கோடு போட்ட வயர்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்ட கட்டுரை. "பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போறேன். நாப்பது டிவி ஓடுது. மிக்ஸியை ஓட்டிக் காட்டறாங்க. வாஷிங் மெஷினைத் திறந்து மூடிக் காட்டறாங்க. ஆனா இருக்கறதுலயே உசத்தியான ஸ்பீக்கரை மட்டும் யாரும் போட்டுக் காட்ட மாட்டேங்கறாங்க. ஏன்? ஆயிரம் வார்த்தை, வெள்ளிக்கிழமைக்குள்ள" என்றார்.

உடனே ஒப்புக்கொண்டேன். என் அண்ணன் அப்படிப்பட்ட கடை ஒன்றில் பதினோரு வருஷமாக விற்பனையாளர். பதில் குடும்பத்துக்குள்ளேயே இருக்கும்போது எழுத என்ன கஷ்டம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை போய்விட்டது. இன்று ஞாயிறு, காலை ஒன்பதரை. கட்டுரை இல்லை. இதுதான் இருக்கிறது.

முதலில் எழுதிய தொடக்கம்: "ஒலி என்பது..." (வேண்டாம். இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.)

இரண்டாவது: "கண்ணாடி அறைக்குள் இரண்டு ஸ்பீக்கர்கள், சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் நிற்கும் புருஷன் பெண்டாட்டியைப் போல..." (அண்ணி படித்தால் தன்னைத்தான் சொல்கிறேன் என்பார். அடித்துவிட்டேன். ஆனால் தெரியாமலே சரியாக எழுதியிருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது.)

மூன்றாவது: "என் அண்ணனுக்குக் காது போய்விட்டது."

இது பொய். ஆனால் அவர் இதை இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறார். பொய் என்று தெரிந்தவள் நான். தெரிந்து மூன்று நாள் ஆகிறது. இன்னும் சொல்லவில்லை.

2

செவ்வாய்க்கிழமை மதியம், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போனேன். அண்ணன் சீருடைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக இஸ்திரிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மூன்றாம் மாடியின் கோடியில் அந்தக் கண்ணாடி அறை. உள்ளே நெஞ்சு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். உட்கார்ந்து கேட்பதற்காகப் போட்ட சோபாவில் மின்விசிறிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கதவில் 'தொடாதீர்கள்' என்று ஓர் அட்டை.

"ஏண்ணே இதைப் போட்டுக் காட்ட மாட்டேங்கறீங்க?"

"முதல்ல இதைக் கேளும்மா" என்று கதவைத் திறந்து பிடித்தார். டிவிகளின் இரைச்சல், ஃபிரிட்ஜ்களின் முனகல், கூரையிலிருந்து சலுகை அறிவிப்பு, கீழ்மாடியில் யாரோ சோதிக்கும் மிக்ஸி எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. "இதுக்கு நடுவுல எதைப் போட்டாலும் சந்தையில நின்னு ரகசியம் பேசற மாதிரிதான். கதவை மூடினா இன்னொரு வம்பு. சத்தம் கண்ணாடியில பட்டுத் திரும்பித் திரும்பி வரும். பழி ஸ்பீக்கர் மேல."

அவருக்குப் பேச்சு சூடுபிடித்துவிட்டது. "டிவிக்கு அடியில வைக்கற சின்ன ஸ்பீக்கர் இருக்குல்ல, அதை மூணு நிமிஷத்துல தள்ளிடலாம். பட்டனை அமுக்கினா தும்முனு அதிரும், வந்தவர் தலையாட்டுவார், பில் போட்டாச்சு. இதுக்கு வர்றவர் ஒரு மணி நேரம் உக்காருவார். பாட்டை அவரே கொண்டாருவார். கண்ணை மூடிக்குவார். அப்புறம் 'யோசிச்சு சொல்றேன்'னு போய் வீட்டுல உக்காந்து ஆன்லைன்ல வாங்கிடுவார். அதுக்குள்ள நாலு வாஷிங் மெஷின் போயிருக்கும். எந்த மேனேஜர் ஒத்துக்குவார், சொல்லு?"

எல்லாம் நியாயமான காரணங்கள்தான். எழுதிக்கொண்டேன். கட்டுரைக்கு இது தாராளம்.*

* ஆசிரியரின் கவனத்துக்கு: நீங்கள் கேட்டது இங்கேயே முடிந்துவிட்டது. வேண்டுமானால் இந்த இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் நானும் இங்கேயே வெட்டியிருப்பேன்.

3

"அப்போ நீங்க ஒரு தடவைகூடப் போட்டதே இல்லையா?" என்று கேட்டேன்.

அண்ணன் கதவை மூடினார். இரைச்சல் பாதியானது.

"ரெண்டு வருஷம் முன்னாடி, இது கடைக்கு வந்த புதுசுல போட்டேன். கம்பெனி ஆளு வந்து மாட்டித் தரணும். வரலை. மறுநாள் பண்டிகை விற்பனை ஆரம்பம், மேனேஜர் நச்சரிச்சார், நானே மாட்டிட்டேன். கேட்டவங்க எல்லாரும் பிரமாதம்னாங்க. மேனேஜர் புல்லரிக்குதுன்னு கையை நீட்டிக் காட்டினார். ஒருத்தர் கண்ணு கலங்கிட்டார்." (இந்தக் கண் கலங்கியவரை நான் சந்தேகிக்கிறேன். விலைச்சீட்டைப் பார்த்துக் கலங்கியிருக்கலாம்.) "எனக்கு மட்டும்..."

"உங்களுக்கு?"

"பொக்குன்னு கேட்டுது. பாடறவ நடுவுல நிக்கணும். நிக்கல. எங்கயோ சுவத்துக்குப் பின்னாடி பாடறா. அடியில கனமே இல்ல. நல்ல ஸ்பீக்கர், அத்தனை பேருக்கும் கேக்குது, எனக்கு மட்டும் கேக்கலைன்னா என்னம்மா அர்த்தம்?" காதுமடலை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். "இது போயிடுச்சுன்னு அர்த்தம். தனக்கே கேக்காததை எப்படி இன்னொருத்தருக்குப் போட்டுக் காட்டறது? அன்னிக்கு மாட்டின அட்டைதான் இது."

உங்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். கடை வேலை அண்ணனுக்குச் சோறு. வேலை என்று அவர் சொல்வது வேறொன்றை. பத்தொன்பது வயதிலிருந்து விடுமுறை நாட்களில் மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைத்தவர். பேசுகிறவர், பாடுகிறவர், ஆடுகிற குழந்தைகள் எல்லோருக்கும் பின்னால், மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பலகைக்கு முன்னால், கண்ணை மூடி நிற்பார். எங்கள் குடும்பத்தில் அந்தக் காதைப் பற்றிப் பெருமையடிக்காத ஆள் கிடையாது. பக்கத்து வீட்டு மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடுவதை எங்கள் வீட்டிலிருந்தபடியே கேட்டு, ஓடிப்போய் நிறுத்தியவர் அவர்.

கண்ணாடி அறைக்குப் பிறகு மேடையிலும் தன் காதை நம்ப முடியாமல் போனது. ஒரு பள்ளி ஆண்டு விழாவில், தனக்குக் கேட்பது போதாது என்று நினைத்து மேல்சத்தத்தை ஏற்றிவிட்டார். மைக் கிறீச்சிட்டது. முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. அதற்கப்புறம் எந்த நிகழ்ச்சிக்கும் போகவில்லை. அவருடைய மிக்சர் வீட்டுப் படுக்கையறையில் ஒரு பழைய போர்வைக்குள் கிடக்கிறது.

"காது டாக்டர்கிட்ட போங்கன்னு தலைபாடா அடிச்சுக்கறேன்" என்பார் அண்ணி. "போனா எழுதிக் குடுத்துடுவாங்க" என்பார் அண்ணன். எழுதித் தராத வரைக்கும் பாதி உண்மைதான் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

அன்று நான் கிளம்பும்போது, ஏதோ பழைய சைக்கிளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு ஒருத்தர் வர்றார். மிக்சரை வாங்கிக்கறேன்னிருக்கார்."

4

எழுதுகிறவர்களுக்கு ஓர் அற்பப் புத்தி உண்டு. அடுத்தவர் நெஞ்சு உடைந்து நிற்கும்போது அவர் சட்டைப் பித்தான் என்ன நிறம் என்று பார்ப்போம். அண்ணன் ஒரு வாடிக்கையாளரிடம் போன நேரத்தில் நான் அந்த ஸ்பீக்கர்களின் பின்பக்கத்தைப் போனில் படம் பிடித்தேன். வர்ணனைக்கு உதவுமே என்று.

புதன்கிழமை அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன்:

"ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரட்டை வயர் ஒன்று போகிறது. இரண்டு இழைகளில் ஒன்றின்மேல் மட்டும் வெள்ளைக் கோடு. இடது ஸ்பீக்கரில் கோடு போட்ட இழை சிவப்புத் திருகில் முடிகிறது. வலது ஸ்பீக்கரில் கோடு போட்ட இழை கறுப்புத் திருகில்..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு மின்சாரம் தெரியாது. ஆனால் 'இடதில் இப்படி, வலதில் அப்படி' என்று எழுதும்போது ஏதோ உறுத்தியது. படத்தைப் பெரிதாக்கினேன். அப்படியேதான் இருந்தது.

5

வியாழக்கிழமை அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அரைப்புள்ளியைப் பார்க்கப் போனேன். அண்ணனோடு இருபது வருஷம் மேடை வேலை செய்தவர். எந்தச் சத்தத்தைக் கேட்டாலும், இன்னும் கொஞ்சம் கூட்டு என்பதற்கு "அரைப்புள்ளி ஏத்து" என்பதால் அந்தப் பெயர். ஒரு வாடகை ஒலிபெருக்கிக் கிடங்கில் சுருட்டிய வயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

படத்தைப் பார்த்ததும் சிரித்தார். "எவன் மாட்டினான் இதை? ஒரு பக்கம் வயரை மாத்தி மாட்டியிருக்கான். ஒண்ணு முன்னாடி தள்ளுது, ஒண்ணு பின்னாடி இழுக்குது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். அடியில வர்ற கனமான சத்தம் செத்துரும். நடுவுல இருக்க வேண்டிய குரல் காணாமப் போயிரும்."

"கேட்டா தெரியுமா?"

"விலையைப் பாத்துட்டுக் கேக்கறவனுக்குத் தெரியாது. நல்ல காதுன்னா நாலு நிமிஷம். எதுக்கு நாலு? உங்க அண்ணனுக்கு ரெண்டு போதும்." இன்னொரு தரம் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "இது அவர் கடைதானே? யாரும்மா மாட்டினது?"

"கம்பெனி ஆளு" என்றேன்.

(இங்கே நீங்கள் கேட்பீர்கள்: முப்பது வருஷம் ஒலியோடு வாழ்ந்தவர் இந்தச் சின்னத் தப்பைப் பண்ணுவாரா? எனக்கும் தோன்றியது. அண்ணன் பெயரை எடுக்காமல் அரைப்புள்ளியிடமே விசாரித்தேன். மேடை ஸ்பீக்கர்களின் பிளக் ஒரே வழியில்தான் நுழையுமாம். தப்பாகச் செருக நினைத்தாலும் முடியாது. அதையே செருகிப் பழகிய கைக்குச் சிவப்பு, கறுப்பு என்று பார்க்கிற பழக்கமே கிடையாது. அதோடு, மற்றவர்கள் மாட்டினதையெல்லாம் "வயரைப் பாரு, வயரைப் பாரு" என்று சோதிக்கிற மனிதர், தான் மாட்டினதை ஏன் சோதிக்கப் போகிறார்? கை தப்பாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. காதைத்தான் சந்தேகித்தார்.)

6

வியாழன் மதியமே போன் போட்டிருக்கலாம். ஏன் போடவில்லை?

எழுதிப் பார்த்த முதல் காரணம்: அவர் கூசிப்போவார். இரண்டு வருஷம் கழித்து, ஒரு கடை முழுக்கப் பார்க்க, தான் செய்த தப்பைத் தானே காட்டிக்கொள்ள வேண்டும். மேனேஜர் சும்மா விடமாட்டார். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இது முதல் காரணம் இல்லை.

முதல் காரணம்: கதை நன்றாக வந்துகொண்டிருந்தது. சொல்லிவிட்டால் முடிந்துவிடும். சொந்த அண்ணன் விஷயத்தில் இப்படியா என்று கேட்காதீர்கள். நான் என்னையே கேட்டு அலுத்துவிட்டேன்.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

மிக்சர் போய்விடுகிறது. போர்வை மட்டும் மடித்த மேனிக்குக் கட்டிலில் கிடக்கிறது. அண்ணனுக்குக் கடைசிவரை தெரியாது. (ஆசிரியருக்கு இது பிடிக்கும். எனக்கும் எழுதும்போது பிடித்தது. எழுதி முடித்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.)

அல்லது, நான் யாருக்கும் தெரியாமல் போய் இழைகளை மாற்றி மாட்டுகிறேன். "ஒரு தடவை போடுங்கண்ணே" என்கிறேன். பாடகி சுவருக்குப் பின்னாலிருந்து நடந்து வந்து நடுவில் நிற்கிறாள். அண்ணன் காது திரும்பிவிட்டது என்று... (அழுதுவிடுவேன் போல இருந்தது. ஆனால் திரும்பி வந்த காது மறுபடி போகும் என்று ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே இருப்பார். போகவே இல்லை என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.)

அல்லது, கம்பெனி ஆள்மேல் பழியைப் போடுகிறேன். அரைப்புள்ளியிடம் ஏற்கெனவே போட்டாயிற்று. (தன் கையால் அந்தத் திருகை முறுக்கியது அவருக்கு நினைவிருக்கும். என்னைவிட அவருக்கு ஞாபகசக்தி அதிகம்.)

அல்லது நேராக: "அண்ணே, உங்க காது சரி. உங்க கை..."

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. பதினாறு தடவை எழுதி

7

இப்போது பத்தே முக்கால். மேலே அந்த வாக்கியம் அறுந்து கிடப்பதற்குக் காரணம் அண்ணியின் போன். அதை ஒட்டவைக்கப் போவதில்லை.

"வாங்கறவர் சீக்கிரமே வந்துட்டார்டி" என்றார். குரலைத் தாழ்த்தியிருந்தார். "போட்டுக் காட்டுங்கன்னார், நியாயந்தானே? இவர் எல்லாத்தையும் மாட்டிட்டாரு. மைக்கைக் கையில எடுத்தாரு. அப்புறம் அந்த ஆள் கையில குடுத்துட்டு, 'நீங்களே கேட்டுப் பாத்துக்குங்க சார், எனக்குக் காது கேக்காது'ன்னுட்டாரு. முதல் தடவையா வெளியாள்கிட்ட சொல்றாருடி. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. என்னால அங்க நிக்க முடியல. சமையலறையில நின்னு பேசறேன்."

போனை வைத்ததும் அந்தப் படத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. வார்த்தையை வைத்துக்கொண்டுதான் மூன்று நாளாக இந்த அநியாயம் பண்ணிக்கொண்டிருந்தேன். சிவப்பும் கறுப்பும் வெள்ளைக் கோடும் அவருக்கே பேசும்.

பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. ஒரு நிமிஷம் ஆயிற்று. அவர் கூசுவார். கோபப்படுவார். உனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்பார். வியாழக்கிழமை என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. இரண்டு நிமிஷம்.

அழைப்பு வருகிறது. திரையில் அண்ணன்.

எனக்கு என் புத்தி தெரியும். ஒரு காதால் கேட்டுக்கொண்டே, அவர் முதலில் சொல்லும் வார்த்தையை இந்தப் பக்கத்தில் குறித்துக்கொள்வேன். அதனால் பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் எடுக்கப் போகிறேன். அவர் என்ன சொன்னார், மிக்சர் போனதா இருந்ததா என்பது உங்களுக்குத் தெரியவராது. முடிவு வேண்டுமென்றால் நீங்களே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அதில் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். என் அண்ணனை மட்டும் செவிடாக்கிவிடாதீர்கள்.