வந்தாச்சு உனக்கு

யார் உள்ளே வந்தாலும் நான் முதலில் அவர்களுடைய மணிக்கட்டைத்தான் பார்ப்பேன். அங்கிக் கையின் ஓரம் கடிகாரத்தை முட்டாமல் நிற்கிறதா, பொத்தான் கல் வைத்ததா வெறும் பிளாஸ்டிக்கா, கடிகார வார் செருப்பின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று கண் தானாகவே ஓடும். அடுத்தது தலை. குத்ராத் துணியை நெற்றிக்கு மேல் மடித்து நிறுத்துகிற அந்தக் கூர் சரியாக நடுவில் இருக்க வேண்டும். ஒரு விரல் தள்ளிப்போனாலும் எனக்கு எரிச்சல் வந்துவிடும். முகத்துக்கு வந்து சேர்வதற்குள் அந்த ஆளைப் பற்றி எல்லாவற்றையும் முடிவு செய்திருப்பேன்.

குவைத்தில் ஆண்கள் அத்தனை பேரும் வெள்ளை நீள அங்கியில், திஷ்தாஷாவில்தான் திரிகிறோம். வெளியூர்க்காரர்கள் எங்களைப் பார்த்து, எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறீர்களே என்பார்கள். ஒரே மாதிரி உடுத்துகிறவர்களுக்குள் நடக்கிற போட்டி அவர்களுக்குத் தெரியாது. காலர் அரை விரற்கடை உயர்ந்தால் எங்களுக்கு அது செய்தி. காலையில் நான் கிளம்பி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். "என்னைக் கட்டினதுக்கு நீங்க ஒரு இஸ்திரிப் பெட்டியக் கட்டியிருக்கலாம்," என்பாள் என் மனைவி ஹெஸ்ஸா. கஞ்சி போட்டுத் தேய்க்க அவளுக்கு வரவில்லை என்ற குறையை நானும் விடாமல் சொல்லிக் காட்டுவேன்.

கானிம் எனக்கு ஏழு வயதிலிருந்து சிநேகிதன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நகராட்சியில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த ஆடையைப் போட்டாலும் அது அவன் மேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது மாதிரி இருக்கும். கடைசி இரண்டு வருடங்களில் இன்னும் மோசமாகிவிட்டான். பொத்தான் போடாமல் அங்கிக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவான். குத்ராவில் மடிப்பே இருக்காது.

"தலையில இருக்கறது குத்ராவா, கொடியில காயப்போட்ட துணியாடா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பேன்.

"காத்துக்குக் காயட்டும் விடு," என்று சிரிப்பான்.

அவனிடம் இருந்த ஒரே நல்ல பொருள் இறைவன் பெயரை எண்ணி உருட்டுகிற அவனுடைய தஸ்பீஹ் மாலை. அவன் மாமனார் பஸ்ராவில் வாங்கியது. முப்பத்து மூன்று அம்பர் மணிகள். மரப்பிசின் பூமிக்குள் கிடந்து கல்லாகிப் போன பழைய சரக்கு. கடைசல் பிடித்தவன் சாதாரணமானவன் அல்ல. மணிகள் எல்லாம் ஒரே அளவு என்றுதான் முதலில் தோன்றும். விரலால் தடவிப் பார்த்தால்தான் நுனியிலிருந்து தலைமணி நோக்கி ஒவ்வொன்றும் மயிரிழை பெருத்துக்கொண்டே போவது தெரியும். எத்தனையோ வருடக் கைச்சூட்டில் நிறம் முற்றி, கெட்டித் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. ஒன்றன்மேல் ஒன்று விழும்போது கண்ணாடிச் சத்தம் வராது, அடங்கின ஒரு சத்தம் வரும். என்னிடம் பதினொரு தஸ்பீஹ் இருக்கின்றன. வெள்ளி பதித்தது உண்டு, பவளம் உண்டு. பதினொன்றையும் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது என்று எனக்குத் தெரியும். அது அந்தக் கசங்கின மனிதனின் கையில் ஓயாமல் உருண்டுகொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். இப்போதாவது உண்மையைச் சொல்கிறேன்.

எங்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. ஒருவன் கையில் இருக்கும் பொருளை நீங்கள் வாய்விட்டுப் புகழ்ந்தால், அவன் அந்தக் கணமே "வந்தாச்சு உனக்கு" என்று நீட்ட வேண்டும். நீங்கள் "ஏத்துக்கிட்டேன், உன் கையிலயே அழகா இருக்கட்டும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு பேருக்கும் மனம் குளிரும், பொருளும் இடம் மாறாது. கானிமும் நானும் அந்தத் தஸ்பீஹை வைத்து இதை நூறு முறையாவது செய்திருப்போம். பின்பாதியைச் சொல்லாமல் வைத்துக்கொண்டால் அது வைத்துக்கொண்டவனுடையது. பிறகு கொடுத்தவன் அதைத் திரும்ப வாங்கினால் அவனுக்குத்தான் அசிங்கம்.

கானிமுக்கு ஒரே மகள், லுல்வா. அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் சவூத். பெண்கள் எல்லாம் பேசி முடித்து, நிக்காஹ் தேதி வைக்க வேண்டியதுதான் பாக்கி. பையனின் அப்பாவை, அபூ சவூதை, என் வீட்டுத் திவானியாவுக்கு ஒரு நாள் கூட்டி வருவதாகக் கானிம் போனில் சொன்னான். நண்பர்களோடு உட்காரும் இடத்தில் பார்த்தால்தான் ஒரு மனிதனின் தரம் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

"கொஞ்சம் நல்லபடியாப் பேசுடா பர்ராக். எனக்குப் பேச வராது. உன்னத்தான் நம்பியிருக்கேன்," என்றான்.

நான் என் கல்யாணத்துக்குக்கூட அப்படித் தயாரானதில்லை. புதுத் திஷ்தாஷா, நீலக்கல் பொத்தான், அகில் கட்டைப் புகை. மாலைத் தொழுகை முடிந்து அவர்கள் வந்தார்கள். அபூ சவூத் மெல்லிய சரிகைக் கரை போட்ட பழுப்பு நிற மேலங்கி அணிந்திருந்தார். பார்த்ததுமே விஷயம் தெரிந்த ஆள் என்று புரிந்துவிட்டது. கரையின் அகலத்தை வைத்தே சொல்லலாம், அகலக் கரை போடுகிறவன் புதுப் பணக்காரன். சரி, இவராவது என்னைக் கவனிப்பார் என்று நினைத்தேன். அவர் என் பொத்தானைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. உட்கார்ந்ததிலிருந்து அவர் கண் கானிமின் விரல்களுக்கிடையே ஓடும் மணிகளிலேயே இருந்தது. விருந்தாளி என்பதால் வாய் திறந்து புகழாமல் நாகரிகமாக அடக்கிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"கானிம், மாஷா அல்லாஹ்! இந்த மாதிரி ஒன்னு குவைத்துலயே கிடையாதுடா," என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். "வந்தாச்சு உனக்கு," என்று நீட்டினான்.

வாங்கினேன். திருப்பிக் கொடுக்கத்தான் வாங்கினேன். அல்லாஹ் சாட்சி. ஆனால் அபூ சவூத் அப்போதுதான் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். என் பொத்தானையும் கடிகாரத்தையும் அந்த மணிகளையும் சேர்த்துப் பார்த்தார்.

"உங்க கைக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கு," என்றார்.

"ஏத்துக்கிட்டேன்," என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

திவானியாவில் இருந்த ஏழெட்டுப் பேரும் மிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். நான் மணியை உருட்ட ஆரம்பித்தேன். கானிம் சிரித்து, "நல்லா வச்சுக்க," என்றான். கையை முழங்காலில் வைத்தான். பிறகு தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். தேநீர் வந்தபோது அதை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. சின்னக் கண்ணாடிக் குவளை தட்டில் கிடுகிடுவென்று அடித்தது. பாதித் தேநீர் அவன் மடியில் கொட்டியது. அபூ சவூத் சட்டென்று முகத்தைத் திருப்பி, இந்த வருடம் வவ்வால் மீன் வரத்து எப்படி என்று பக்கத்தில் இருந்தவரை விசாரித்தார்.

அப்போதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெள்ளைத் திஷ்தாஷாவில் தேநீர்க் கறையோடு சம்பந்தி முன்னால் உட்கார்ந்திருக்கிறானே, இவனுக்கு விவஸ்தையே கிடையாதா என்றுதான் பல்லைக் கடித்தேன்.

நான்கு நாள் கழித்து ஹெஸ்ஸா பெண்கள் கூடின இடத்திலிருந்து முகம் வாடி வந்தாள்.

"அபூ சவூத் வீட்டுல நசீப் இல்ல, இந்தச் சம்பந்தம் வேணாம்னு சொல்லிட்டாங்களாம்."

"ஏனாம்?"

"கானிம் அண்ணனுக்குக் கை நடுங்குதாம். நடுக்குவாதமாம். ரெண்டு வருஷமா இருக்காம், வீட்ட விட்டு வெளிய யாருக்கும் சொல்லல. நிக்காஹ் முடியட்டும்னு இருந்திருக்காங்க. பரம்பரை வியாதின்னு ஊரு பேசுமில்ல? கை அசையாம நின்னா ஆடுமாம், விரல ஓயாம அசைச்சுக்கிட்டே இருந்தா அடங்கிடுமாம். அதான் அண்ணன் எப்பப் பாரு மணிய உருட்டிக்கிட்டே இருந்திருக்காரு."

அவள் முக்காட்டைக் கழற்றிக்கொண்டே மேலே சொன்னாள்.

"அந்த மணி எங்கயோ தொலைஞ்சு போச்சுன்னு வீட்டுல சொன்னாராம். லுல்வா அம்மா அழுவறா. அது மட்டும் தொலையாம இருந்திருந்தா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள், என் கையைப் பார்த்து நிறுத்திவிட்டாள். மணிகள் என் விரலில் உருண்டுகொண்டிருந்தன. "இது அண்ணனோடதுதானே?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. அவன் பொத்தான் போடாதது, விரல் பொத்தானுக்குப் படியாததால். குத்ராவில் கூர் இல்லாதது, மடிப்பைப் பிடித்து நிறுத்த முடியாததால். அதற்குத்தான் நான் நாலு பேர் முன்னால் அவனைக் கேலி செய்திருக்கிறேன். சுவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

போன் செய்தேன். "கானிம், அதக் கொண்டுவந்து குடுத்துடறேன்டா."

"குடுத்தத வாங்கறவனா நானு? எங்கப்பன் பேரக் கெடுக்காத," என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

அப்படியானால் ஒரே வழிதான் இருந்தது. அவன் வாயால் அதைப் புகழ வேண்டும். புகழ்ந்தால், "வந்தாச்சு உனக்கு" என்று அவன் மடியில் போட்டுவிடுவேன். அடுத்த மூன்று வாரம் நான் ஆடாத ஆட்டமில்லை. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து உருட்டினேன். அவன் மூக்குக்கு நேரே தூக்கி விளக்கு வெளிச்சத்தில் காட்டினேன். பட்டுக் குஞ்சத்தை மாற்றிப் புதுக் குஞ்சம் கட்டினேன். அவன் தேநீர் நன்றாக இருக்கிறது என்றான். புதுக் கம்பளம் நன்றாக இருக்கிறது என்றான். ஒரு நாள் என் செருப்பைக்கூடப் புகழ்ந்தான். செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன், அழகாக மறுத்துவிட்டான். மணிகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை. கையைத் தொடைக்கு அடியில் வைப்பதையும் அவன் விட்டுவிட்டான். அது முழங்காலில் கிடந்து ஆடிக்கொண்டிருக்கும், எல்லாரும் வேறு பக்கம் பார்ப்போம். நான்காவது வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவன் வீட்டுக்குப் போனேன். லுல்வா கதவைத் திறந்தாள். "வாங்க சித்தப்பா," என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கானிம் சாய்வு நாற்காலியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான். வலது கை மடியில் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

தஸ்பீஹை மேசைமேல் வைத்தேன். காபியோடு வந்த லுல்வா அதைப் பார்த்துவிட்டாள்.

"யப்பா! உங்க மணி! எங்க கெடச்சது?"

"என்னுது இல்லம்மா. இது சித்தப்பாவோடது," என்றான் கானிம்.

அவள் என்னைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். அப்பாவுக்குக் காபிக் குவளையில் கால்வாசி ஊற்றி, அவன் உதட்டருகே பிடித்துக் குடிக்க வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

"கானிம், ஒரே ஒரு வார்த்தைடா. நல்லா இருக்குன்னு சொல்லு. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

"எதுக்கு? கை ஆடறது தெரியாம இருக்கத்தான் அத வச்சிருந்தேன். இப்பதான் ஊருக்கே தெரியுமே." பிறகு திரும்பாமலே கேட்டான். "அன்னைக்கு உனக்குத் தெரியுமா?"

"எது?"

"என் கை."

"சத்தியமாத் தெரியாதுடா. தெரிஞ்சிருந்தா தொட்டிருப்பேனா?"

அது அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவன் முகம் சுண்டிப்போனது.

"தெரிஞ்சுதான் நீ எடுத்தன்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன். ஏதோ எம்மேல கோவம், நான் என்னவோ தப்புப் பண்ணியிருக்கேன்னு நெனச்சேன். அதுகூடப் பரவாயில்ல. ரெண்டு வருஷமா உன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். தெருக்கோடியில போறவன் பொத்தான் என்ன கல்லுன்னு சொல்லுவ. என் கைய மட்டும் நீ பாக்கவே இல்லையே பர்ராக்."

ஸலாம் சொல்லிவிட்டு எழுந்தேன். மணிகளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட வேண்டும், அவன் கவனிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே கதவு வரை நடந்தேன்.

"பர்ராக்," என்று கூப்பிட்டான். "உன் பொருள மறந்துட்டுப் போறியே."

திரும்பி வந்து எடுத்துக்கொண்டேன்.