முழங்கை வளையாத நாள்

அந்தத் தெருவில் ஞாயிற்றுக்கிழமையைத் தெரிந்துகொள்ள காலண்டர் வேண்டியதில்லை, மூக்கு இருந்தால் போதும். மதியம் மூன்று மணிக்கு மேல் மூப்பர் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து கிளம்பும் வாடை, நாலு வீடு தாண்டிப் போய் எல்லாரையும் நலம் விசாரித்துவிட்டு வரும்.

மூப்பர் என்றால் கிறிஸ்தவ சபையில் மூப்பர். தெருவுக்கு அவர் ‘ஓய்வுநாளார்’. அவர் காதுபட யாரும் அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஓய்வுநாளை அவர் ஆசரிக்கிற அழகைச் சொல்லி மாளாது. சனிக்கிழமையே சமையல் முடிந்துவிட வேண்டும். ஞாயிறன்று சூடாக்கலாம், சமைக்கக் கூடாது. ஊசி, கத்தரிக்கோல், துடைப்பம் எல்லாம் அலமாரிக்குள் போய்விடும். எது வேலை, எது ஓய்வு என்று சந்தேகம் வந்தால் அதற்கும் ஒரு தீர்ப்பு வைத்திருந்தார்: முழங்கை வளைந்தால் வேலை, விரல் மட்டும் அசைந்தால் ஓய்வு. ஆகவே டிவி பார்க்கலாம், பாத்திரம் கழுவக் கூடாது. அப்படியானால் சோற்றை அள்ளி வாயில் போடுவது எதில் சேர்த்தி என்று எதிர்வீட்டுத் தையல்காரி ஒருமுறை கேட்டுத் தொலைத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டுத் துணி ஒன்றுகூட அவளிடம் தைக்க வருவதில்லை.

காகிதத் தட்டு வாங்கினால் என்ன என்று மருமகள் கேட்டதுண்டு. கர்த்தருடைய நாளுக்குக் காகிதத் தட்டா என்று மூப்பர் புருவத்தை உயர்த்தினார். எனவே பீங்கான். மூன்று வேளைத் தட்டுகளும், கொழுப்பு உறைந்த இறைச்சிக் குழம்புச் சட்டியும், பால் பாத்திரமும் பின்பக்கத் தகரத் தொட்டிக்குப் போகும். தண்ணீர் ஊற்றி ஊறவைக்கவும் அனுமதியில்லை. ஊறவைப்பது கழுவுவதன் ஆரம்பம், ஆகவே அதுவும் வேலை. மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திவிடுவார்கள். அதற்கடியில் கரப்பான்கள் இடையூறில்லாமல் ஆராதனை நடத்தும்.

திங்கள் விடியுமுன் அந்த விரிப்பைத் தூக்குவது மருமகள். ஆறு வருஷமாக அவள்தான். எச்சில் எலும்பு ஒட்டிய தட்டை நகத்தால் சுரண்ட வேண்டும். சட்டிக்குள் கைவிட்டால் மெழுகு போன்ற கொழுப்பு முழங்கை வரை ஏறும். ஓய்வுநாள் கட்டளையில் மாட்டுக்குக்கூட ஓய்வு சொல்லியிருக்கிறதே, மருமகளை மட்டும் எப்படி விட்டுப்போனது என்று அவள் நினைப்பாள். யாரிடமும் சொன்னதில்லை.

இந்த நிலைமையில்தான் அவளுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. காலை ஆறு மணிக்கு மாவுப் பிரிவு, ஞாயிறு விடுமுறை. மூப்பரால் குறை சொல்ல முடியாத வேலை. வாசலில் மேற்பார்வைக்கார அம்மாள் ஒருத்தி ஒவ்வொருவர் கையையும் திருப்பிப் பார்ப்பாள். நகம் பார்ப்பாள். பிறகு குனிந்து மோந்தும் பார்ப்பாள்.

முதல் திங்கட்கிழமை. மருமகள் தொட்டியைக் காலிசெய்துவிட்டு மூன்று முறை சோப்புப் போட்டு, எலுமிச்சைத் தோலால் தேய்த்து, கையை வீசி உலர்த்திக்கொண்டே ஓடினாள். அம்மாள் குனிந்தாள். குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தாள்.

“என்னம்மா இது, செத்த எலியத் தூக்கிட்டு வந்தியா? மாவுல வாடை ஏறினா மொத்தத்தையும் கொட்டணும். இன்னைக்கு வீட்டுக்குப் போ. இன்னொரு தடவை இப்படின்னா வரவே வராதே.”

பின்னால் இருபது பெண்கள் வரிசையில் நின்றார்கள். யாரோ சிரித்தார்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கவும் கூசி, கையைப் புடவைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டே அவள் வீடு வந்து சேர்ந்தாள். அந்த நாற்றம் கையில் ஒட்டியதாகத் தோன்றவில்லை. உள்ளேயிருந்து ஊறுவதாகத் தோன்றியது.

அடுத்த ஞாயிறு மதியச் சாப்பாட்டில் விஷயத்தை எடுத்தாள். அன்று சாயங்காலமே கழுவிவிடுகிறேன் என்றாள். தன் வீட்டில் அந்த நாளில் குழாய்ச் சத்தம் கேட்கக் கூடாது என்றார் மூப்பர். அப்படியானால் திங்கட்கிழமை வேறு யாராவது கழுவட்டும் என்றாள்.

மாமியாருக்கு உடனே முழங்கால் வலி வந்துவிட்டது. பாத்திரம் கழுவ முழங்கால் எதற்கு என்று கேட்க அங்கே ஆளில்லை. புருஷன் டயர் கடையில் வேலை. நாளெல்லாம் கறுப்பு மசியில் கைவிடுகிறவன், வீட்டுத் தொட்டி என்றால் மட்டும் மூக்கைச் சுளிப்பான்.

“கையுறை மாட்டிக்கிட்டுக் கழுவேன்,” என்றான்.

“வாங்கித் தரேங்க. நீங்க மாட்டிக்குங்க.”

மூப்பர் சிரித்தார். சிரித்தபடியே வாயில் மென்றுகொண்டிருந்த ஜவ்வை விரலால் உருவித் தட்டின் ஓரத்தில் வைத்தார். அது எச்சிலோடு பளபளத்தது. நாளை விடியுமுன் அது காய்ந்து, தன் நகத்துக்காகக் காத்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

திங்களன்று தொட்டிப் பக்கமே போகவில்லை. குளித்தாள், கிளம்பினாள். மேற்பார்வைக்கார அம்மாள் குனிந்து மோந்து பார்த்து, உள்ளே போகச் சொல்லித் தலையசைத்தாள். நாளெல்லாம் வெள்ளை மாவு. அவ்வப்போது யாரும் பார்க்காமல் அவள் தன் கையை மோந்து பார்த்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு வீடு திரும்பினால், மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

“வந்துட்டியாம்மா. உனக்காகத்தான் எல்லாத்தையும் அப்படியே வெச்சிருக்கோம்.”

அப்படியேதான் இருந்தது. அது மட்டுமா? கண்ணாடி அலமாரியில் விருந்தாளிகளுக்கென்று இருந்த தட்டுகளை எடுத்துச் சாப்பிட்டு, அவற்றையும் மேலே அடுக்கியிருந்தார்கள். மருமகள் இரவுக்குச் சமைத்தாள். சமைத்த பாத்திரத்தையும் தான் சாப்பிட்ட தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போனாள். செவ்வாயன்று அலமாரி காலி. மேல்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு, அதன் இடுக்கு வழியே வேடிக்கை பார்த்தார்கள். சட்டிக்குள் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. மூப்பர் அதை எட்டிப் பார்த்தார், வேதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போய்விட்டார்.

புதன் மாலை அவர் வீட்டில் ஜெபக்கூட்டம். பாஸ்டர் முதல் பாடகர் குழுவரை பதினைந்து பேர் ஆறு மணிக்கு வந்துவிடுவார்கள். கூட்டத்தை வேறு வீட்டுக்கு மாற்றலாம் என்றால் காரணம் கேட்பார்கள். மருமகள் எங்கே என்று காலையிலிருந்து வாசலை வாசலைப் பார்த்தார் மூப்பர். அவள் அன்று நான்கரை மணிக்குத்தான் வந்தாள்.

பின்பக்கம் குழாய்ச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். மூப்பர் முழுக்கைச் சட்டையைத் தோள்வரை மடக்கி, மூக்கைச் சுற்றிக் கைக்குட்டை கட்டிக்கொண்டு, ஒரு குச்சியால் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார். இரண்டு தரம் ஓரமாகப் போய் வாந்தியெடுத்த அடையாளம் தரையில் இருந்தது. மாமியார் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “அடியில தேய்ங்க, அடியில,” என்று யோசனை சொன்னாள். புருஷன் தண்ணீர் ஊற்றினான், முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி.

ஐந்தரைக்கு மூப்பர் சோப்புக் கட்டியோடு உள்ளே வந்தார். கையைக் கழுவினார், மோந்தார். மறுபடி கழுவினார், மறுபடி மோந்தார். மருமகள் சமையலறையில் விருந்தாளிகளுக்குக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்று, இரண்டு கையையும் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி கேட்டார்:

“ஏம்மா, இந்த நாத்தம் எத்தனை நாளைக்கு இருக்கும்?”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் மாமா,” என்றாள் அவள், கோப்பையிலிருந்து கண்ணெடுக்காமல்.