அரைப் பேர்

பதுளையில் பாதிரிமார் நடத்திய கல்லூரி ஒன்றில் அருளப்பன் கிளாக்கராக இருந்தார். முனியாண்டி என்ற தேயிலைத் தோட்டத்துப் பையன் வாரத்தில் பாதி நாள் வருவதில்லை, அவனை நீக்கிவிடலாம் என்று தலைமைப் பாதிரியார் சொல்லியிருந்தார். நன்றாகப் படிக்கிற பையன். மனம் கேட்காமல் அருளப்பன் அவன் தாயை வரச் சொன்னார்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து இராக்கம்மா தலையில் கம்பளியோடு வந்து நின்றாள்.

"ஏம்மா, ஒம்மகன் எங்கதான் போறான்?"

"இங்கதாங்க ஐயா வர்றான். பனியில சில நாளு சுணங்கிருது. கேட்டுக் கதவு சாத்தியிருந்தா திரும்பி வந்துருவான்."

"தட்டினா தொறப்பாங்களே!"

"பெரட்டுக்குப் பிந்திப்போனா அன்னைக்குப் பேரு இல்லீங்களே. கங்காணி வெரட்டிருவாரு. இங்கயும் அப்படித்தான்னு இருந்துட்டோம்."

அருளப்பன் சிரித்துவிட்டார். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பேர் பதிந்து ஆள் எடுத்த பிறகு வருகிறவருக்கு அன்று வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது. அந்த வழக்கத்தையே கல்லூரிக்கும் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். ஜெப வேளையில் சத்தம் கேட்காமலிருக்கத்தான் கேட்டைச் சாத்துகிறோம் என்று இங்கே ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அவர் பாதிரியாரிடம் விஷயத்தைச் சொன்னார். அன்றோடு நீக்குகிற பேச்சு போயிற்று. ஜெபம் முடிந்ததும் கேட்டைத் திறந்து, பிந்தியவர்களுக்கு இன்னொரு முறை பெயர் கூப்பிடுவது என்று முடிவாயிற்று.

மறுநாள் முனியாண்டி பிந்தி வந்து திறந்த கேட்டருகே தயங்கி நின்றான்.

"உள்ள வாடா, ஒனக்கு அரைப் பேரு உண்டு" என்றார் அருளப்பன், தோட்டத்தில் அரைநாள் வேலைக்குச் சொல்வதைப் போல.

"அப்ப அரை நாளு படிச்சாப் போதுமாங்க?"

"ஓடு வகுப்புக்கு!"

அவன் ஓடினான். அருளப்பன் கேட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பினார்.