வெறுங்கையோடு காட்டுக்குப் போகிறவன்

காட்டுக்குப் போகிறவன் ஏதாவது கொண்டு வரவேண்டும். விறகு, தேன், ஆகக் குறைந்தது வேலிக்கு நட நாலு கதியால் தடி. தனோஜன் என்கிற இந்த நோர்வே மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைதோறும் பனிக்காட்டுக்குள் இரண்டு மணித்தியாலம் நடந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறான். கேட்டால் ரசிக்கிறானாம்.

என் மகள் கீர்த்திகாவுக்குப் பேசி வந்த சம்பந்தம் அது. சாதகப் பொருத்தம் எழுபத்தெட்டு வீதம். படமும் பிடித்துவிட்டது. பிறகுதான் இரண்டு பேரையும் வீடியோவில் கதைக்க விட்டோம். முதல் நாளே அவன் காட்டுக்குள் நின்றுதான் அழைப்பு எடுத்தான். மூக்கு செத்தல் மிளகாய் நிறத்தில் சிவந்திருந்தது. மரம் வெள்ளை, நிலம் வெள்ளை, வானமும் வெள்ளை. பார்க்க ஒன்றுமே இல்லாத அந்த இடத்தைக் காட்டி, "வடிவாயிருக்கல்லோ?" என்று கேட்டான்.

"ஓம், நல்ல வடிவு," என்றாள் கீர்த்திகா. வளர்த்த பிள்ளை இப்படியும் பொய் சொல்லுமா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் பொய் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"உவனிட்டைக் கார் இல்லை," என்று மனைவி பாலேஸ்வரியிடம் சொன்னேன். "கார் இருக்கிறவன் ஏன் நடக்கிறான்?"

எங்கள் ஊர் கோப்பாயில் இதற்கு வேறு விளக்கம் கிடையாது. நடந்து போகிறவன் ஒன்றில் மோட்டார் சைக்கிளை விற்றவன், அல்லது கோயிலுக்கு நேர்த்தி வைத்தவன். நான் நாலு வீடு தள்ளியிருக்கிற கடைக்குப் பாண் வாங்கவும் மோட்டார் சைக்கிளில்தான் போவேன். முப்பது வருசம் அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம் பார்த்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

வழக்கப்படி விசாரித்தேன். ஒஸ்லோவில் இருக்கிற மச்சான் இரண்டு நாளில் பதில் சொன்னான். பெடியனுக்கு நல்ல வேலை, சொந்த வீடு, புதுக் கார். நடப்பது விருப்பத்துக்காம்.

அது இன்னும் மோசம். கார் இல்லாதவன் ஒருநாள் வாங்குவான். வாசலில் காரை விட்டுவிட்டுப் பனிக்குள் நடக்கிறவனை என்ன செய்து திருத்துவது?

"மூளையிலை ஏதோ பிழை," என்றேன். "வேண்டாமெண்டு சொல்லுவம்."

கீர்த்திகா குசினி வாசலில் நின்றாள். "அப்பா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. முந்தி வந்த ஆக்களெல்லாம் என்ன சம்பளம், என்ன சமைப்பீர் எண்டுதான் கேட்டவை. இவர் நடந்துகொண்டு நான் சொல்லுறதைக் கேக்கிறார்."

"கேக்கிறதுக்கு ஏன் காடு? அங்கை இருந்து கேக்கக் கதிரை இல்லையோ?"

அவள் குசினிக்குள் போய்விட்டாள். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

வேண்டாம் என்று சொல்ல நான் போனை எடுக்குமுன், உடுப்பிட்டியிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பன் சோமசேகரம் எடுத்துவிட்டார்.

"குறை நினையாதேங்கோ நமசிவாயம், நாங்களும் விசாரிச்சனாங்கள். நீங்கள் பக்கத்துக் கடைக்கும் மோட்டார் சைக்கிளிலைதான் போறியளாம். காலிலை ஏதும் வருத்தமோ? பரம்பரை வருத்தமெண்டால் நாளைக்குப் பிள்ளையளுக்கும் வருமல்லோ. எங்களுக்கு யோசினையாக் கிடக்கு."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. "ஒரு வருத்தமும் இல்லை!"

"அப்ப ஏன் நடக்கிறேல்லை?" என்று அந்த மனிதர் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லவேண்டியவன் நான். என்னை ஒருத்தர் வேண்டாம் என்பதா? பின்னால் நின்ற கீர்த்திகாவின் கண் கலங்கியதையும் கண்டுவிட்டேன். "வாற ஞாயிறு உங்கடை மகன் நடக்கேக்கை நானும் இஞ்சை நடக்கிறன். என்ரை காலிலை வருத்தமிருக்கோ எண்டு வீடியோவிலை பாத்து அவரே உங்களுக்குச் சொல்லட்டும்," என்றேன்.

ஞாயிறு பின்னேரம் நாலரை. அங்கே மத்தியானமாம். கீர்த்திகா போனைப் பிடித்துக்கொண்டு வர, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவால் போகிற ஒழுங்கையில் இறங்கினேன். போனுக்குள் அவன் பனியைச் சரக் சரக்கென்று மிதித்துக்கொண்டு வந்தான்.

"என்ன அண்ணை, மோட்டார் சைக்கிளை வித்துப்போட்டியளோ?" என்று எதிரே சைக்கிளில் வந்தவன் கேட்டான். முறைத்துவிட்டு நடந்தேன். மூன்றாவது தோட்டத்தில் முழங்கால் குத்தத் தொடங்கியது. ஐந்தாவதில் மூச்சு முட்டியது. அரைக் கட்டை தூரம்கூட வரவில்லை. மதகில் குந்திவிட்டேன்.

அவன் சிரிப்பான் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால் சிரித்திருப்பேன், ஊர் முழுக்கச் சொல்லியும் இருப்பேன்.

"ஆறுதலா இருங்கோ மாமா. நானும் நிக்கிறன்," என்றான். என்னை மாமா என்றது அதுதான் முதல் தரம்.

நின்றான். அங்கே மைனஸ் பதினொன்று என்று கீர்த்திகா மெல்லச் சொன்னாள். நடந்தால் உடம்பு சூடாக இருக்கும், நின்றால் குளிர் ஏறிவிடுமாம். என் மூச்சு அடங்கக் கால் மணித்தியாலம் சென்றது. அவன் கண்ணிமையில் விழுந்த பனியைத் துடைத்துத் துடைத்து நின்றான். "நீங்கள் நடவுங்கோ தம்பி" என்று ஒரு சொல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு வெட்கம்.

கடைசியில் கேட்டேன். "தம்பி, அப்பாவுக்கு என்ன சொல்லப்போறியள்?"

கீர்த்திகா போனை எனக்கு இன்னும் கிட்டப் பிடித்தாள்.

"ரெண்டு பேரும் சேந்து நடந்தனாங்கள் எண்டு சொல்லுறன், மாமா."

முப்பது வருசம் கந்தோரில் மரியாதையாக இருந்த நமசிவாயம் மதகில் இருந்து அழுததை, கீர்த்திகா இன்றுவரை தாயிடம் சொல்லவில்லை.