ஐந்நூறு மைல் பத்தியம்

எலிப் புழுக்கையை அள்ளியபோது கிளீட்டஸுக்கு அருவருப்பு வரவில்லை. அந்தக் காரின் பின் சீட்டுப் பஞ்சுக்குள் ஓர் எலிக் குடும்பமே பிள்ளை குட்டியோடு குடியிருந்து செத்துப்போயிருந்தது. அதை வெறுங்கையால் வாரி வெளியே போட்டான். கார்புரேட்டருக்குள் காய்ந்து கிடந்த பல்லியைச் சுண்டி எறிந்தான். ஆறு வருஷத்துக் கோழி எச்சத்தைத் தகரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அதே கையைத் துடைத்துக்கொண்டு மனைவி அகதா கட்டிக் கொடுத்த சோற்றைத் தின்றான். மெக்கானிக்குக்கு அழுக்கு என்றால் துடைத்தால் போகிற சங்கதி. துடைத்தால் போகாத அழுக்கு ஒன்று இருப்பதை அவன் தெரிந்துகொள்ள இன்னும் மூன்று மாதம் இருந்தது.

கார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலாம் வருஷத்துக் கார். பித்தளை விளக்கு, துணிக் கூரை, முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றினால்தான் உயிர் வரும். மலாக்காவில் அலோர் காஜாவுக்குப் பக்கத்தில் கல்லுமலை ரப்பர் தோட்டத்தில் சின்ன துரையாக இருந்த ஒருவன் அதை ரப்பர் உலர்த்துகிற பழைய புகைவீட்டில் போட்டுவிட்டுச் சீமைக்குப் போய்விட்டான். முப்பத்திரண்டில் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய், துரைமார்களே ஒவ்வொருவராக மூட்டை கட்டியபோது, அது கேட்பாரற்றுக் கிடப்பதைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற பெரிய கிராணி கதிர்காமநாதன் கண்டார். தனக்கென்று எழுதி வாங்கிக்கொண்டார்.

கதிர்காமநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். விடிந்தால் குளியல், நெற்றி நிறைய விபூதி, வீட்டில் முட்டைகூட நுழையாது. அவர் கூலியாட்களை அடித்ததில்லை, கெட்ட வார்த்தை பேசியதில்லை. தனக்குக் கீழே இருப்பவனிடம் மட்டும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள மாட்டார். கேட்டால் கிராணி வேலைக்கே பங்கம் வந்துவிடும் என்பதுபோல ஒரு நினைப்பு.

கிளீட்டஸ் பாச்சாங்கில் தவுக்கே என்று கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் பட்டறையில் பதினொரு வருஷம் எஞ்சின் பிரித்துப் பூட்டியவன். தவுக்கே பட்டறையைச் சாத்திவிட்டான். அந்த வருஷம் வேலை இல்லாத தமிழர்களைக் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆவணிக் கப்பலுக்கான பட்டியலில் கிளீட்டஸ், அகதா, பிள்ளைகள் இரண்டு பேர் என்று நாலு பெயரும் ஏறியிருந்தன. ஐந்து வயதில் அப்பனோடு மலாக்காவுக்கு வந்தவனுக்கு நாகப்பட்டினத்தில் யாரைத் தெரியும்? கல்லுமலையில் எஞ்சின் ரூம் பிட்டர் வேலை காலியாக இருந்தது. காரை எழுப்பிக் கொடு, ஆடித் திருவிழாவில் மாரியம்மன் அதில் பவனி வரட்டும், துரையிடம் சொல்லி அந்த வேலையை உனக்கு வாங்கித் தருகிறேன் என்று கதிர்காமநாதன் வாக்குக் கொடுத்தார். வேலை கிடைத்தால் பட்டியலிலிருந்து நாலு பெயரும் போய்விடும். அது ஒன்றைத்தான் கிளீட்டஸ் கையில் பிடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மாதம் பாடுபட்டான். துருவேறிய சிலிண்டரைத் தெரிந்த பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கினான், புதுப் பிஸ்டன் போட்டான். பேரிங்குக்கு ஈயத்தை உருக்கி வார்த்து, நீலம் தடவி, உரசுகிற இடத்தைக் கண்டுபிடித்துச் சுரண்டி, மறுபடி நீலம் தடவி, மறுபடி சுரண்டி, கண்ணெல்லாம் நீலமாகத் தெரிகிறவரைக்கும் செய்தான். தன் பிள்ளைக்குத் தலைவாரிவிட்டபோதுகூட அவன் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

எஞ்சினைக் கிளப்பிய அன்று கிராணி வீட்டு வாசலில் சின்னக் கூட்டம் கூடியது. புது எஞ்சின் இறுக்கமாக இருக்கும், அதனால் கிராணியின் டிரைவர் மாயாண்டியும் அவனும் மாறிமாறிக் கைப்பிடியைச் சுற்றினார்கள். கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காதே, எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு போய்விடும் என்று கிளீட்டஸ் மாயாண்டிக்குச் சொல்லிக் கொடுத்தான். பத்தாவது சுற்றில் ஒரு தும்மல். பதினாலாவது சுற்றில் நீலப் புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் ஓடத் தொடங்கியது. கூட்டம் கை தட்டியது. கிளீட்டஸ் கை தட்டவில்லை. இரும்புக் கம்பி ஒன்றின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உள்ளே தட்டுகிறதா, உரசுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒன்றும் இல்லை. அவனுக்குக் கண் கலங்கியது, புகைதான் என்று சொல்லிக்கொண்டான்.

அப்புறம் கிராணியிடம் பத்தியத்தைச் சொன்னான். முதல் ஐந்நூறு மைலுக்கு இது பிள்ளை பெற்ற உடம்பு. இருபது மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது, மூன்று பேருக்கு மேல் ஏறக் கூடாது, மேட்டில் முக்க வைக்கக் கூடாது, நூறு மைலுக்கு ஒருமுறை எண்ணெயை இறக்கிப் புதிதாக ஊற்ற வேண்டும். கதிர்காமநாதன் தலையை ஆட்டினார். அவருடைய கண் கிளீட்டஸின் கையிலிருந்த சின்ன டப்பாவின் மேல் இருந்தது. அது என்ன வாடை என்று கேட்டார். அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

தண்ணீர்ப் பம்பு கசியாமலிருக்கச் சணல் கயிற்றில் தடவுகிற கொழுப்பு, மாட்டுக் கொழுப்பு என்று கிளீட்டஸ் மறைக்காமல் சொன்னான். கிராணியின் முகம் சுருங்கியது. இரண்டடி பின்னால் நகர்ந்து, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நேரே கிணற்றடிக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். கிளீட்டஸ் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரவருக்கு அவரவர் வயிறு. அன்றைக்கே கயிற்றைப் பிடுங்கிவிட்டுத் தேன்மெழுகு தடவிப் புதுக் கயிறு சுற்றி, மாயாண்டியிடம் சொல்லியும் அனுப்பினான். எஞ்சின் எண்ணெய் பூமிக்கடியில் எடுப்பது, அதில் கொழுப்பே கிடையாது என்பதைச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

முதல் முந்நூறு மைலை அவனே ஓட்டினான். காலையில் கோலா சுங்கை பாருவரைக்கும் கடற்கரையோரமாக, மறுநாள் பத்து பெரண்டாம் பக்கம். சைக்கிள்காரன்கூட மணியடித்து முந்திப் போவான். கருவாட்டுக்காரிகள் சிரிப்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே போவான். முந்நூறாவது மைலில் எண்ணெயை இறக்கி விரலில் தேய்த்துப் பார்த்தான், ஒரு பொடி இல்லை. மிச்சத்தை மாயாண்டியே ஓட்டட்டும் என்று கிராணி காரை வாங்கிக்கொண்டார்.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. நாலு மணிக்கு வாழை கட்டி, மாவிலை கட்டி, கூரையைக் கழற்றிவிட்டு அம்மனைக் காரில் எழுந்தருளச் செய்தார்கள். முன்னே மேளம், பக்கத்தில் பட்டுச் சால்வையோடு கதிர்காமநாதன், தள்ளி மேட்டோரம் போட்ட ஒரு நாற்காலியில் பெரிய துரை. கிளீட்டஸும் காரோடு நடந்தான். அவன் சர்ச்சுக்குப் போகிறவன், ஆனாலும் தன் எஞ்சின் மேல் அம்மன் உட்கார்ந்து போவதில் அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கூலியாட்கள் குடியிருக்கிற லயத்தைத் தாண்டும்போது பலகாரம் சுடுகிற வாடை வந்தது. சமையல் கொட்டகையில் வடை போடுகிறார்கள் என்று நினைத்தான். மேடு தொடங்கிற்று. வாடை கூடியது, இப்போது கருகிய வாடை. கொட்டகை பின்னால் கால் மைலில் இருக்கிறது, காற்றோ முன்னாலிருந்து அடிக்கிறது. கிளீட்டஸ் முன்னால் ஓடினான். நிறுத்து என்று மாயாண்டியிடம் சொல்லி வாய் மூடுவதற்குள் எஞ்சின் ஒருமுறை முனகிற்று. உள்ளே ஏதோ கடித்துப் பிடித்தாற்போல் கார் குலுங்கி நின்றது. அம்மன் மாலையோடு முன்னால் சாய்ந்தாள். பூசாரி கட்டிப் பிடித்துக்கொண்டார்.

கிளீட்டஸ் காருக்கு அடியில் படுத்து எண்ணெய்த் திருகைக் கழற்றினான். வந்தது எண்ணெய் இல்லை. பழுப்பு நிறத்தில் பிசின்போல இழுத்துக்கொண்டு, நாலு நாள் பலகாரச் சட்டியில் கிடந்ததுபோல நாற்றமடித்துக்கொண்டு, அவன் கையில் வழிந்தது. நடுநடுவே ஈயம் மினுங்கியது. அவன் சுரண்டிச் சுரண்டி உட்கார வைத்த பேரிங். குமட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் குனிந்த மாயாண்டியை என்ன இது என்று கேட்டான்.

"நல்லெண்ணெய்ண்ணே," என்றான் மாயாண்டி, தரையைப் பார்த்துக்கொண்டு. "அம்மன் ஏறுற வண்டியில கொழுப்பு இருக்கக் கூடாதுன்னு கிராணி ஐயா எல்லாத்தையும் எறக்கிட்டு ஊத்தச் சொன்னாரு. செவ்வாக்கெழமலேருந்து இதுலதான் ஓடுது. சம்பந்தி வூட்டு ஆளுங்க ஏழு பேர ஏத்திக்கிட்டு மேடெல்லாம் ஏறுனோம்."

மேலே கூட்டத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. வேதக்காரன் கைபட்ட வண்டி, ஆத்தாளுக்கு ஒப்பவில்லை என்று ஒருத்தி சொன்னாள். அதை நாலு பேர் வாங்கிச் சொன்னார்கள். அவள் பிள்ளைக்கு ஜுரம் வந்தபோது இதே காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் கிளீட்டஸ். அவன் காது கேட்காதவன்போல அடியிலேயே கிடந்தான்.

துரை எழுந்து வருவது தெரிந்தது. அதற்கு முன்னால் கதிர்காமநாதனின் முகம் காருக்கு அடியில் நீண்டது. விபூதி வியர்வையில் குழைந்து மூக்கில் வழிந்துகொண்டிருந்தது. அவருடைய சால்வை அந்தப் பழுப்புச் சேற்றில் தோய்வதைக்கூட அவர் பார்க்கவில்லை.

"கிளீட்டஸ், எண்ணெய்க் கதையை எடுக்காதையும்," என்றார் மெதுவாக. "துரை அறிஞ்சால் துரைமார் கிளப்பிலை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பேரிங் பிழை எண்டு சொல்லும். உம்மட வேலையை நான் பாத்துக்கொள்ளுறன்."

சீ என்று கிளீட்டஸுக்கு வந்தது. அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் ஆவணிக் கப்பலும், பட்டியலில் நாலு பெயரும், சின்னவள் கடலைக் கண்டால் அழுவதும் அவன் கண்ணில் வந்தன. வெளியே ஊர்ந்து வந்து துரைக்கு முன்னால் நின்றான்.

"பேரிங்க சரியா வைக்கல தொரை," என்றான். "என் தப்புதான்."

துரை அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிட்டர் வேலைக்கு நீ சொன்ன ஆள் இவன்தானா என்று கிராணியிடம் கேட்டார். தன் எஞ்சின் ரூமில் பெல்ட்டுக்குப் பக்கத்தில் முப்பது பேர் நிற்கிறார்கள், ஒரு காருக்குப் பேரிங் வைக்கத் தெரியாதவனை அங்கே விட முடியாது என்று தோட்டத்துத் தமிழில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். கிளீட்டஸ் கிராணியைப் பார்த்தான். இப்போது பேசுவார், ஒரு வார்த்தையாவது பேசுவார் என்று பார்த்தான்.

"துரை சொல்லுறது சரிதான்," என்றார் கதிர்காமநாதன். "நானும் ஏமாந்துபோனன்."

கயிறு கொண்டுவந்தார்கள். நாற்பது பேர் சேர்ந்து காரை இழுத்தார்கள், மேளம் மறுபடி முழங்கியது, அம்மன் ஆடி அசைந்து மேடேறிப் போனாள். இதுதான் தேர் மாதிரி இருக்கிறது என்று சனத்துக்குச் சந்தோஷம். கிளீட்டஸ் வழித்துப் போட்ட பிசினுக்குப் பக்கத்தில் நின்றான். கிராணி மேல் வந்த அருவருப்பு அப்படியே இருந்தது. அதைவிட மோசமானது தன் மேல் வந்ததுதான். இரண்டு மாதம் சுரண்டிச் செய்த வேலையை, தன் வாயாலேயே, தெரியாதவன் செய்த வேலை என்று சொல்லியாயிற்று. அதை யாரும் அவனிடமிருந்து பிடுங்கவில்லை, அவனேதான் கொடுத்தான்.

அகதாவிடம் எஞ்சின் நின்றுவிட்டது, வேலை கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னான். அவளும் துருவவில்லை. பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

மூன்றாம் நாள் காலையில் மாயாண்டி பாச்சாங் வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று கிராணி சொல்லியனுப்பியதைச் சொன்னான். கப்பலுக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறதாம். அதற்குள் வந்து எஞ்சினைப் பிரித்துச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமாம். அவனைப்போலச் சுத்தமாக வேலை செய்கிற ஆள் மலாக்காவிலேயே இல்லை என்றும் சொல்லச் சொன்னாராம். அதைச் சொல்லும்போது மாயாண்டிக்கே முகம் கோணிற்று.

கிளீட்டஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"போய்ச் சொல்லு," என்றான். "எஞ்சினுக்கு நல்லெண்ணெய ஊத்தி வறுத்தது நீங்க. அம்மன வச்சிக்கிட்டு வாய்கூசாம பொய் சொன்னது நீங்க. இனிமே அந்தக் கார்மேல என் வெரலுகூடப் படாதுன்னு நான் சொன்னதா, இப்படியே சொல்லு. ஒரு வார்த்த கொறைக்காத."

மாயாண்டி தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தான். கிளீட்டஸுக்கு மூன்று நாளில் முதன்முதலாக நெஞ்சு லேசானது. திரும்பினான். அகதா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் பாதி மடித்த பாவாடை. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள், நல்லெண்ணெய் விஷயம் அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை.

"இந்த வாயி அன்னிக்கு எங்க போச்சு?" என்று மட்டும் கேட்டாள்.