மண்டியிட்ட முழங்கால்

நம்பலிர்வாவுக்கு முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, வேறு வேலை இல்லாததுபோல் அவள் மூட்டுகளையே கடித்துக்கொண்டிருந்தது. முழங்கால் வீங்கும் வாரங்களில் மனமும் படுத்துவிடும். பிள்ளைகள் கூப்பிட்டால்கூட எழத் தோன்றாது. வீக்கம் வடிந்தால் பாடிக்கொண்டே மட்டோக்கே வாழைக்காய் உரிப்பாள். மசாக்கா ஊரில் அவள் தெருவுக்கே தெரிந்த விஷயம் இது. டாக்டர் செகபிராவுக்குத்தான் தெரியாது. அவர் மூட்டு நிபுணர்.

அவர் அறைக்குள் போனதும், வளர்ந்த முறைப்படி, பல்லைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டு வணங்கினாள். நின்றபடி வணங்கும் பெண்ணைப் புகாண்டா சீமையில் யார் மதிப்பார்கள்? செகபிராவுக்கு மகா திருப்தி.

“அடடா, முட்டி என்னமா மடங்குது! மருந்தப் பாதியாக் குறைச்சிடலாம்.”

“ஐயா, வீக்கம் வந்தா மனசும் சேர்ந்து…”

“மனசு நம்ம டிபார்ட்மென்ட் இல்லம்மா. முற்றத்துக்கு அந்தப் பக்கம்.”

அந்தப் பக்கத்தில் மனநல டாக்டர் லுபேகா. அதற்குள் கால் மரக்கட்டையாகியிருந்தது, நின்றே வணங்கினாள். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“பெரியவங்களுக்கு மண்டி போடக்கூட மனசு வரலியா? சோர்வு முத்திப்போச்சும்மா.”

மாத்திரை எழுதினார். மாதக்கணக்கில் விழுங்கினாள். நாக்கு வறண்டதுதான் மிச்சம்; பாதியாகிவிட்ட மருந்தால் முழங்கால் பூசணிக்காயாகியிருந்தது.

“மூஞ்சியப் பாருங்க, அவிச்ச மட்டோக்கே மாதிரி,” என்றாள் நாத்தனார் நல்வோகா. “சனிக்கிழமை புள்ளைங்கள எங்க அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன் அண்ணி, இனி அங்கயே வளரட்டும். நீங்க நிம்மதியாப் படுத்துக் கெடங்க.”

மறுநாள் நம்பலிர்வா செகபிராவின் அறைக்குள் வணங்காமல் நுழைந்தாள். நேராகப் படுக்கையில் ஏறி, கோமெசி உடையை முட்டிக்கு மேல் இழுத்துவிட்டாள்.

“தொட்டுப் பாருங்க.”

இத்தனை நாளில் முதல்முறையாகத் தொட்டார். கையை வெடுக்கென்று எடுத்தார்.

“நெருப்பாக் கொதிக்குது! அழற்சி! இது இங்க மட்டும் நிக்காதும்மா, மூளை வரைக்கும் போய் மனசையும் அமுக்கும்.”

“அதத்தான் அன்னிக்கே சொன்னேன்.”

“அருமை! அடுத்த மாசக் கருத்தரங்குல உன்னப் பத்தித்தான் பேசப்போறேன். தலைப்புகூடத் தோணிடுச்சு.”

“மருந்து?”

“அதுக்கு முன்னாடி லுபேகாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடு. அவர் என்ன நெனைக்கிறாரோ…”

நம்பலிர்வா இறங்கவில்லை. தலையணையைச் சரிசெய்து சாய்ந்துகொண்டாள்.

“சனிக்கிழமை என் புள்ளைங்க போயிடும் ஐயா. பழைய அளவுக்கு எழுதுங்க. எழுதின பிறகு எறங்குறேன்.”

வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். செகபிரா பேனாவைத் தேடினார்.