இது தேர்வடம் இல்லை

இந்தக் காலத்து ஜனங்கள் எதையும் தட்டிப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பார்த்தே நம்பிவிடுகிறார்கள் என்பது ராஜாக்கண்ணுவின் தீராத எரிச்சல். டப்பா மேல் நாலு டன் என்று அச்சடித்திருந்தால் அது நாலு டன் இழுக்குமாம். அச்சடித்தவனா வந்து வண்டியைப் பிடித்துக்கொள்ளப் போகிறான்?

சந்தவாசலில் பட்டறை வைத்திருக்கும் கிளமென்ட் அவருடைய ஜீப்பின் மூக்கில் வின்ச்சைப் பூட்டிய அன்றும் இதே பேச்சுதான். மலைக்கு ஆளும் சரக்கும் ஏற்றுகிற அந்த ஜீப்தான் அறுபத்தாறு வயதில் அவருக்குப் பிழைப்பு. போன மழையில் மூன்று நாள் சேற்றில் கிடந்துவிட்டதால்தான், மோட்டாரில் ஓடி ஒயர் ரோப்பைச் சுருட்டி இழுக்கிற இந்தச் சாமானுக்கே சம்மதித்தார். கிளமென்ட் அதைப் பம்பரில் நாலு போல்ட் போட்டு நிறுத்தினான். ராஜாக்கண்ணு குந்தி உட்கார்ந்து பம்பரை விரலால் சுண்டினார். 

"இன்னாடா இது, பிஸ்கட் டப்பா சத்தம் வருது? இழுத்தா வண்டி வராது. பம்பர் மட்டும் தனியா ஊர்கோலம் போவும்."

"எல்லாரும் இப்படித்தாங்ணா போடறாங்க."

"எல்லாரும் பள்ளத்துல வுழுந்தா நானும் வுழணுமா? கழட்டு. சேசிஸ்ல கட்டு."

கிளமென்ட் முனகிக்கொண்டே கழற்றினான். சேசிஸின் இரண்டு சட்டத்துக்கும் குறுக்கே கனமான இரும்புத் தகடு வைத்து, துளை போட்டு, புது போல்ட்டுகளை முறுக்கினான். பேட்டரிக்குப் போன ஒயர் சைலன்சரை உரசிக்கொண்டு ஓடுவதைக் கிழவர் கண்டுபிடித்து அதையும் மாற்றவைத்தார். பொழுது சாய்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் மலைக்கு ஆளேற்றிப்போய் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, வின்ச்சை ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளமென்ட்டும் கூட வந்திருந்தான். மண்சாலையின் இறக்கத்தில், வளைவுக்கு முன்னால், சேட்டு ஓட்டுகிற குட்டி யானை லோடு வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. மழை ஈரத்தில் சறுக்கி, முன்பக்க இடது சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்கியது. பின்னால் பதினான்கு மூட்டை சாமை. டிரைவர் சேட்டு குதித்துத் தப்பித்து ஓரமாக நின்றுகொண்டிருந்தான். மூட்டைக்காரி சம்பூர்ணம் தலையில் கை வைத்திருந்தாள்.

"மில்லுல குத்தி எடுத்தாரலாம்னு ஏத்தினேங்ணா. வருசத்துக்கும் இதான் சோறு. வெதையும் இதுலதான் கீது. மேல ஏறி ஒவ்வொண்ணா எறக்கிடட்டுமா?"

"நீ கால வெச்சாப் போதும், உன்னையும் சேத்துக்கினு எறங்கிடும். அந்தாண்ட நில்லும்மா."

வானம் கருத்துக்கொண்டு வந்தது. இன்னொரு மழை பெய்தால் அந்த விளிம்பு மண் கரையும், வண்டியும் போகும். ராஜாக்கண்ணு அவசரப்படவில்லை. ஜீப்பை மேட்டிலேயே நேராக நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு அண்டையாகக் கல் போட்டார். வின்ச் மேல் சந்தேகம், கல் மேல் சந்தேகம், ஹேண்ட் பிரேக் மேல் அதைவிடச் சந்தேகம். அதனால் ஜீப்பின் வாலையும் பின்னால் நின்ற புங்கமரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டினார். இஞ்சினை ஓடவிட்டார், பேட்டரி இறங்கிவிடக் கூடாதே. கிளமென்ட் தோல் கையுறை போட்டு ஒயர் ரோப்பை இழுத்துப்போய்க் குட்டி யானையின் பின்பக்கச் சேசிஸில் கொக்கியை மாட்டினான். ரோப் பிடுங்கிக்கொண்டு வராமலிருக்க உருளையில் ஆறு சுற்று மிச்சம் இருப்பதை எண்ணிப் பார்த்துத் தலையாட்டினான். ரோப்பின் நடுவில் கிழவர் ஈரச்சாக்கைப் போர்த்தினார். அறுந்தால் எகிறாமல் அது அமுக்கும்.

கிளமென்ட் பட்டனை அமுக்கினான். ரோப் தரையை விட்டு எழும்பி விறைத்தது.

அவ்வளவுதான். அதுவரை மேட்டில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஊர் ஜனம் இருபது பேர் திடுதிடுவென்று இறங்கி ஓடிவந்தார்கள். போன வாரம்தான் மாரியம்மன் தேர் இழுத்த கைகள். விறைத்த வடத்தைக் கண்டால் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். முதல் ஆளாகச் சம்பூர்ணம்.

"நிறுத்துடா!" ராஜாக்கண்ணு போட்ட சத்தத்தில் கிளமென்ட்டின் விரல் தானாக எழுந்தது. "கைய எடுங்க எல்லாரும்! இது தேர்வடம் இல்ல!"

ஊர்ப் பெரியவர் கருப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாய்யா, கை குடுக்க வந்தவங்கள நாயத் தொரத்தற மாரி தொரத்தற? இந்த ஊர்ல நாங்க கை வெக்காம எந்த பாரம் நவுந்துக்கீது?"

"அறுந்துச்சின்னா சாட்ட மாரி திரும்பும். குடுக்கறதுக்குக் கையே இருக்காது."

"என் மூட்டைக்கு நான் கை வெக்கலன்னா எப்படிங்ணா?" சம்பூர்ணம் விடுவதாக இல்லை.

ராஜாக்கண்ணு அவர்கள் முகங்களைப் பார்த்தார். விரட்டினால் போவார்கள், மறுபடி பட்டனை அமுக்கியதும் வருவார்கள். சும்மா நிற்கச் சொன்னால் இந்த ஜனம் நிற்காது. ஜீப்பிலிருந்து நைலான் கயிற்றை எடுத்துவந்தார். குட்டி யானையின் மேட்டுப்பக்கச் சட்டத்தில் அதைக் கட்டி, ஒயர் ரோப்புக்கு எட்டாத தூரத்தில், சாலையின் மேட்டுப்பக்கக் கரைமேல் நின்ற மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கருப்பன் கையில் கொடுத்தார்.

"இந்தா, உங்க வடம். வண்டி பள்ளத்துப் பக்கம் சாயாம புடிச்சுக்கினு இருக்கணும். தளர்ந்தா இழுங்க. எவனும் இடுப்புல சுத்திக்காத, கையில சுத்திக்காத. வுடுன்னு சொன்னா வுட்டுடணும். ஒயர் ரோப்ப ஒருத்தன் தாண்டினாலும் நான் வண்டிய எடுத்துக்கினு போய்ட்டே இருப்பேன்."

கருப்பன் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். கோபம் இறங்கிவிட்டது. "சும்மா மெரட்டாத. ஏறுங்கடா எல்லாம் கரை மேல!"

இரண்டாம் முறை பட்டன். மோட்டார் முனகியது. ஜீப் ஒரு சாண் முன்னால் நகர்ந்து, சங்கிலி விறைத்து நின்றது. குட்டி யானை ஆடியது. ஓரத்து மூட்டை ஒன்று சரிந்து பள்ளத்தில் விழுந்து வெடித்தது. "ஐயோ" என்றாள் சம்பூர்ணம், ஆனால் கயிற்றை விடவில்லை. மோட்டார் சூடு ஆறக் கொஞ்சம் நிறுத்தி, மறுபடி இழுத்தார்கள். கரை மேல் இருந்தவர்கள் தளர்ந்த கயிற்றை ஒவ்வொரு முழமாக வாங்கிக்கொண்டே வந்தார்கள். தொங்கிய சக்கரம் விளிம்பைக் கடித்து, மண்ணைக் கொட்டி, மேலேறி ரோட்டில் உட்கார்ந்தது. சேட்டு ஓடிப்போய் நாலு சக்கரத்துக்கும் கல் போட்டான்.

பதின்மூன்று மூட்டை மிஞ்சியது. தார்ப்பாயை இழுத்து மூடிய கையோடு சம்பூர்ணம் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் குங்குமம் எடுத்தாள். நேராக ஜீப்பின் மூக்குக்குப் போய் வின்ச் மேல் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். கருப்பன் கும்பிட்டார். பின்னால் நின்ற ஜனமும் கும்பிட்டது.

"இப்பனா நம்பறியாண்ணா?" என்றான் கிளமென்ட்.

ராஜாக்கண்ணு போல்ட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். உருளையின் ஒரு பக்கமாகவே குவிந்திருந்த சுற்றுகளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இன்னிக்கு இழுத்துச்சு. அவ்ளோதான். ரோப்ப முழுசா அவுத்து நேரா சுத்து. எங்கனா பிசிறு கீதான்னு பாரு."

"சாமியே ஆயிடுச்சி, இன்னும் சந்தேகமா?"

"பொட்டு வெச்சா போல்ட்டு எறுகிடுமாடா?" என்று சொல்லிவிட்டு, கும்பிடுகிற கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வளைவுக்கு அப்பால் மண் ஜீப்பைத் தாங்குமா என்று மிதித்துப் பார்க்க, திரும்பிப் பார்க்காமல் இறக்கத்தில் நடந்தார்.